ஊட்டுக்கு ஒரு கார்

மீராமுகைதீன் கல்முனை பஸ் டிப்போவில் இருபத்தொன்பது வருடம் ரைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த பஸ் எத்தனை மணிக்கு வெளிக்கிட்டது, எத்தனை நிமிடம் பிந்தி வந்தது என்று எழுதுவதுதான் வேலை. ஓய்வுக்குப் பிறகும் பழக்கம் போகவில்லை. மகள் தேத்தண்ணி கொண்டுவரப் பிந்தினால், "ஆறு நிமிசம்" என்பார். கோபம் இல்லை. பதிவு மட்டும்தான். இவர் பள்ளிவாசல் முன்வரிசையில் இருக்கிறாரென்றால் மோதினார் பாங்கு சொல்வதற்கு முன் மணிக்கூட்டை இரண்டு தரம் பார்ப்பார் என்று சாய்ந்தமருதில் பகிடி பண்ணுவார்கள்.

2009 மே மாதம் யுத்தம் முடிந்தது. அடுத்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து சோறு தின்றுகொண்டிருக்கும்போது அவர் மகன் றஸ்மியிடம் சொன்னார்:

"மகன், ஊட்டுக்கு ஒரு கார் வேணும்."

றஸ்மி மோட்டார் வாகனத் தொழில்நுட்பம் படித்தவன். கல்முனையில் ஒரு கராஜில் மேற்பார்வையாளன். கல்யாணம் முடித்து, இந்தப் பக்கத்து வழக்கப்படி மனைவியின் வீட்டுக்கு, மருதமுனைக்குப் போய்விட்டான். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் வாப்பாவோடு சாப்பிட வருவான். சாய்ந்தமருது வீடு அவனுடைய தங்கச்சி றம்லாவுக்குச் சீதனமாக எழுதிய வீடு. அவளும், மாப்பிள்ளை அபுல் ஹஸனும், மூன்று வயது மகள் அம்ஹாவும், மீராமுகைதீனும் அதில் இருந்தார்கள். கடலுக்கு முந்நூறு மீற்றர்.

"லான்சர் நிக்கிதுதானே வாப்பா."

"அது எங்க நிக்கிது? மருமகன் விடிய அம்பாறைக்குக் கொண்டு போறாரு. பொழுதுபடத்தான் வருது."

அது உண்மைதான். அபுல் ஹஸனுக்கு அம்பாறையில் நீர்ப்பாசன அலுவலகத்தில் வேலை. றம்லா ஆஸ்பத்திரியில் தாதி. ஒரு நாள் காலை, ஒரு நாள் மாலை, ஒரு நாள் இரவு. அம்ஹாவுக்குப் பாலர் பாடசாலை. மீராமுகைதீனுக்கு மாதம் இரண்டு கிளினிக். இத்தனைக்கும் ஒரு பழைய லான்சரும் முச்சக்கரவண்டிக்காரர்களின் மனசும்தான் இருந்தன.

றஸ்மி மறுக்கவில்லை. வாப்பா கேட்டு அவனால் மறுக்க முடிந்த விடயம் எதுவும் இல்லை. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை, கூட்டாளி ஒருத்தனின் கல்யாணத்துக்கென்று அந்த லான்சரைச் சம்மாந்துறைக்குக் கொண்டு போனவன் அவன். அன்றைக்கு வீட்டில் வாப்பாவும் உம்மா றாஹிலாவும் மட்டும் இருந்தார்கள். ஒன்பது மணிக்கு முன் கடல் வந்தது. வாப்பா தப்பினார். உம்மாவை அடுத்த நாள் பள்ளிவாசலுக்குப் பின்னால் கண்டெடுத்தார்கள். லான்சருக்கு ஒரு கீறல்கூட இல்லை. அதைப் பற்றி வாப்பா நாலரை வருடத்தில் ஒரு வார்த்தை கதைத்ததில்லை. அவனும் கேட்டதில்லை.

அடுத்த வெள்ளி அவன் ஒரு தாளில் கட்டம் போட்டு வந்தான். கிழமையில் ஏழு நாள், யார் எங்கே போகிறார், எத்தனை கிலோமீற்றர், எந்த நேரம். இரண்டாவது கார் எந்தெந்த மணித்தியாலத்தில் ஓட வேண்டும் என்று சிவப்புப் பேனையால் நிறம் தீட்டியிருந்தான். பழைய பஸ் அட்டவணை மாதிரியே இருந்தது. மீராமுகைதீன் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரிவரியாகப் பார்த்தார்.

"நல்லம். இதுல கார் எத்தின மணிக்கு ஊட்டுல நிக்கும் மகன்?"

"ராவைக்கு நிக்கும்."

"ம்" என்றார். தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். ரைம்கீப்பர் பகிடி விடுகிறார் என்று றஸ்மி நினைத்தான்.

பிறகு தேடல். விலை குறைவாக இருக்க வேண்டும், நம்பி ஓடக்கூடியதாக இருக்க வேண்டும், உதிரிப்பாகம் கல்முனையிலேயே கிடைக்க வேண்டும். கடலில் குளித்த வாகனங்கள் அப்போதும் இந்தக் கரையில் விலைக்கு வந்துகொண்டிருந்தன. கழுவி, பெயின்ற் அடித்து, உள் துணி மாற்றி, புதுப்பெண் மாதிரி நிறுத்தியிருப்பார்கள். றஸ்மி வெளியைப் பார்ப்பதில்லை. இருக்கைப் பட்டியைக் கடைசிவரை இழுத்துப் பார்ப்பான். கழுவுகிறவனுக்கு அதன் அடிமுனை ஞாபகம் வராது. அங்கே சேற்றுக் கோடு இருக்கும். அப்படி இரண்டு காரை வேண்டாம் என்றான். இரண்டாவது காரின் பட்டியில் இருந்த கோட்டை மீராமுகைதீன் விரலால் தொட்டுப் பார்த்தார். கைலேஞ்சியால் விரலைத் துடைத்துக்கொண்டார்.

ஒவ்வொரு காரிலும் அவர் ஒரே கேள்விதான் கேட்டார். எத்தனை மைல் ஓடியது என்று கேட்கவில்லை. பெற்றோல் எவ்வளவு குடிக்கும் என்று கேட்கவில்லை.

"ஒரே தரத்துல ஸ்ரார்ட் ஆகுமா?"

மூன்றாவது கார் பாண்டிருப்பில் இருந்தது. ஓய்வு பெற்ற ஆசிரியர் நல்லரெத்தினம் வைத்திருந்த எண்பத்தாறாம் ஆண்டு நிசான் சனி. வெள்ளை நிறம். தென்னோலைக் கொட்டிலுக்குள் நின்றது. நல்லரெத்தினம் மீராமுகைதீனைக் கண்டதும் அடையாளம் பிடித்துவிட்டார்.

"ரைம்கீப்பரா? நான் கேற்றடியில ஓடி வர வர, அரை நிமிசம் பிந்திப் போச்செண்டு ஆறு நாப்பது பஸ்ஸ விட்ட மனுசன் நீங்கதானே?"

"நீங்க பிந்தினதுக்கு நான் என்ன செய்யிற மாஸ்டர்?"

"பாருங்க, பத்து வருசத்துக்குப் பொறகும் குத்தம் என்னிலதான்." நல்லரெத்தினம் சிரித்தார். காரின் கூரையில் தட்டினார். "ஏழரை வருசம் வச்சிருந்தன். ஏழரைச் சனி. இண்டையோட என்ன விட்டுப் போகுது."

"எங்களப் புடிக்கப் போகுதாக்கும்."

"உங்கட ஆக்களுக்குச் சனி இல்லத்தானே. அதாலதான் உங்களுக்கு விக்கிறன்."

றஸ்மி காருக்கு அடியில் படுத்துக் கிடந்தான். பின்சக்கரத்துக்கு மேலே கறள் பிடித்து ஒரு சின்ன ஓட்டை. மற்றபடி சுத்தம். இருக்கைப் பட்டியில் கோடு இல்லை. வெளியே வந்து, ஏறிச் சாவியைத் திருப்பினான். ஒரே தரத்தில் பிடித்தது. பேரம் பேச அந்த ஓட்டை போதும் என்று நினைத்துக்கொண்டு இறங்கினான்.

"ஓடாத காருக்கு பற்றரி இவ்வளவு நல்லா இருக்கே மாஸ்டர்."

"காலமை ஒவ்வொரு நாளும் கால் மணித்தியாலம் ஸ்ரார்ட்டில விடுவன் தம்பி. எனக்கு ஓடத் தெரியாது. மகன் வந்தா ஓடுவான் எண்டு எடுத்த கார் இது."

"மகன் எங்க?" என்று மீராமுகைதீன் கேட்டார்.

"வன்னியில இருந்தவன்." கொட்டிலின் கம்பைப் பிடித்துக்கொண்டு நல்லரெத்தினம் நின்றார். "வவுனியாவில முகாம் முகாமாப் போய்ப் பார்க்க வேணும். பேர் இருக்கிற இடம் எல்லாம் பார்க்க வேணும். அதுக்குத்தான் விக்கிறன்."

இயந்திரம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. மீராமுகைதீன் எட்டிச் சாவியைத் திருப்பி அணைத்தார். கேட்ட விலைக்கே எடுப்பதாகச் சொன்னார். றஸ்மி ஓட்டையைப் பற்றி வாய் திறக்கவில்லை. படலைவரை வந்த நல்லரெத்தினம், "பத்து மணிக்கு மேல ஒருநாளும் வெயில்ல விடாதீங்க, பெயின்ற் போயிரும்" என்று மட்டும் சொன்னார்.

சனி வீட்டுக்கு வந்தது. மதிலோரமாக, மூக்கு வாசலுக்கு முன்னால் போகும் ஒழுங்கையைப் பார்த்தபடி நிறுத்தச் சொன்னார் மீராமுகைதீன். அம்ஹா அதன் கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்த்தாள். றம்லா அதற்கு முதல் வருடமே ஓட்டப் பழகி லைசன்ஸ் எடுத்திருந்தாள். பக்கத்து வீட்டு ஸைனுலாப்தீன் மதிலுக்கு மேலால் எட்டி, "நேர்ஸ் கார் ஓடினா ஆஸ்பத்திரிக்கு ஆக்கள் கூடும் போல" என்றார். "ஒங்களத்தான் முதல்ல ஏத்திட்டுப் போவன் மாமா" என்றாள் அவள்.

திங்கட்கிழமை விடிய லான்சர் அம்பாறைக்குப் போனது. ஏழு மணிக்கு றம்லா சனியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். மீராமுகைதீன் வாசலில் நின்று பார்த்தார். தடுக்கவில்லை.

பதினொன்றரைக்கு றம்லா கராஜில் இருந்த தமையனுக்குக் கோல் எடுத்தாள். "காக்கா, வாப்பா இஞ்ச வந்து நிக்காரு. நடந்து வந்திரிக்காரு. சாவியக் கேக்காரு. வாட்டுல எல்லாரும் பாக்காங்க. நீங்க வாங்க."

றஸ்மி போனபோது ஆஸ்பத்திரி வாகனத் தரிப்பிடத்தில், சனியின் பக்கத்தில், வெயிலில் மீராமுகைதீன் நின்றார். சேட் முதுகோடு ஒட்டியிருந்தது. அம்ஹாவைத் தோளில் தூக்கி வைத்திருந்தார். நாலு கிலோமீற்றர். பாலர் பாடசாலையில் போய்ப் பிள்ளையைக் கேட்டு வாங்கிக்கொண்டு, அங்கிருந்து நடந்திருக்கிறார்.

"என்ன வாப்பா இது?"

"சாவியத் தரச் செல்லு. கார ஊட்ட கொண்டு போவம்."

"றம்லாக்கு டியூட்டி முடியலயே. அவக்குத்தானே கார் எடுத்த?"

"அவக்கு ஆரு எடுத்த? ஊட்டுக்கு எண்டுதானே நான் செல்லின."

வேலை உடுப்போடு றம்லா படியில் நின்றாள். "ஊட்டுக்கு எண்டா ஊட்டு ஆக்களுக்குத்தானே வாப்பா" என்றாள். "மதிலுக்கா கார் எடுத்த?"

"ஓம்" என்றார் மீராமுகைதீன். "ஊட்டுக்குத்தான்."

றஸ்மி சாவியை வாங்கி, இருவரையும் ஏற்றிக்கொண்டு வந்தான். பிள்ளை தூங்கிப்போனது. வீட்டில் காரை மதிலோரம் விட்டு இயந்திரத்தை அணைத்த பிறகும் வாப்பா இறங்கவில்லை. முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே கதைத்தார்.

"அண்டைக்குக் காலத்தால நீ கார் கேட்ட. உம்மா குசினிக்குள்ள நிண்டு செல்லினா, இண்டைக்கு வாகனம் ஊட்டுல நிக்கட்டும் எண்டு. அவக்கு முழங்கால் நோவு. பின்னேரம் அக்கரைப்பற்றுக்கு கூடப்பொறந்த லாத்தாட ஊட்ட போகணும் எண்டு இருந்தா. நீ முத்தத்துல நிண்ட, ஒனக்குக் கேட்டிருக்காது. நான்தான் கொண்டு போடா எண்டு சாவியத் தந்த."

றஸ்மிக்குக் கேட்டிருக்கவில்லை.

"கடல் வருது கடல் வருது எண்டு கத்தினாங்க. நான் உம்மாவப் பாக்கல்ல மகன். முதல்ல கார் நிக்கிற எடத்தத்தான் பாத்தன். வெறும் எடம். பொறகுதான் அவட கையப் புடிச்ச. அவக்கு ஓட ஏலா. கத்தின சத்தத்துக்கும் தண்ணிக்கும் நாலு நிமிசம். கார் நிண்டிருந்தா ஏத்தியிருப்பன்."

நாலரை வருடமாக றஸ்மி சுமந்தது வேறு. காரைக் கொண்டு போனவன் நான் என்பது. வாப்பா சுமந்தது சாவியைக் கொடுத்தவன் நான் என்பது. ஒரே வீட்டில் வெள்ளிக்கு வெள்ளி ஒரே சகன் தட்டில் கை வைத்துத் தின்ற இரண்டு பேருக்கும் மற்றவரின் பாரம் தெரியவில்லை.

அவனிடம் சொல்வதற்கு ஒன்று இருந்தது. வீட்டைத் திரும்பக் கட்டும்போது அவன் ஒழுங்கையை நாடா பிடித்து அளந்தவன். வாசலிலிருந்து பிரதான வீதிவரை நூற்றெண்பது மீற்றர். அகலம் ஒன்பது அடி. அந்தக் காலையில் அந்த ஒன்பது அடிக்குள் எத்தனை குடும்பம் ஓடியிருக்கும் என்றும் அவனுக்குத் தெரியும். நாலு நிமிடத்தில் ஒரு கார் அதால் வெளியே போயிருக்காது. அவன் அந்தக் கணக்கைப் பல தரம் போட்டுப் பார்த்திருக்கிறான். அது அவனுக்கு உதவவில்லை. இந்த மனிதருக்கு உதவுமா கெடுக்குமா என்பதை எந்த நாடாவாலும் அளக்க முடியவில்லை.

"நிக்கட்டும் வாப்பா" என்றான். "கார் ஊட்டுல நிக்கட்டும்."

றம்லாவிடம் அன்றைக்குப் பின்னேரமே சொன்னான். அவள் நெடுநேரம் முகத்தை மூடிக்கொண்டு இருந்தாள். அடுத்த நாளிலிருந்து முன்பு போல முச்சக்கரவண்டியில் வேலைக்குப் போனாள். ஸைனுலாப்தீன் கேட்டதற்கு, "பெற்றோல் கூட மாமா" என்றாள்.

சனி மதிலோரம் நின்றது. நின்றே இருக்கும் கார் கெட்டுப்போகும் என்பது றஸ்மிக்குத் தெரிந்ததால், காலையில் கால் மணித்தியாலம் ஸ்ரார்ட்டில் விட வேண்டும், கிழமைக்கு ஒரு தரம் முன்னுக்கும் பின்னுக்கும் உருட்ட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தான். மீராமுகைதீன் ஒரு நாளும் தவறவில்லை. தாங்கியில் எப்போதும் பாதிக்குக் குறையாமல் பெற்றோல். மாதம் ஒரு தரம் றஸ்மி வந்து ரயர் காற்றுப் பார்ப்பான். வாப்பா பக்கத்தில் நின்று வெளிச்சம் பிடிப்பார். அவ்வளவு நேரம் அவர்கள் முன்பு எப்போதும் சேர்ந்து நின்றதில்லை.

அப்படி மூன்று வருடத்துக்குக் கொஞ்சம் குறைவான காலம் போனது.

2012 ஏப்ரல் 11, புதன்கிழமை. பின்னேரம் இரண்டு மணிக்குப் பிறகு கராஜில் தூக்கிக்கட்டியிருந்த ஒரு இயந்திரம் சங்கிலியில் தானாக ஆடியது. சுமத்ராப் பக்கம் பெரிய பூமியதிர்ச்சி, கரையோரச் சனம் விலக வேண்டும் என்று வானொலி சொன்னது. போன் எடுபடவில்லை. றஸ்மி மோட்டார்சைக்கிளில் சாய்ந்தமருதுக்கு ஓடினான். சனம் எதிரே வந்துகொண்டிருந்தது. ஒழுங்கை வாயில் மோட்டார்சைக்கிளைப் போட்டுவிட்டு, மதிலோடு ஒட்டி ஒட்டி உள்ளே நடந்தான்.

பாதி ஒழுங்கையில் சனி நின்றது. இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. மீராமுகைதீன் ஓட்டும் இருக்கையில். பக்கத்தில் புத்தகப்பையை மடியில் வைத்துக்கொண்டு அம்ஹா. பின்னால் ஸைனுலாப்தீனும் அவர் மனைவியும், தெரிந்த வேறு மூன்று பெண்களும். காரைச் சுற்றித் தண்ணீர் மாதிரிச் சனம். பிள்ளைகளைத் தூக்கியவர்கள், வயதானவர்களைக் கதிரையோடு தூக்கியவர்கள். கார் ஒரு அடி நகரும், நிற்கும்.

றஸ்மி கண்ணாடிக்குள் குனிந்தான். "ஹோன் அடிங்க வாப்பா."

"ஆருக்கு அடிக்கிற? எல்லாம் நம்மட ஆக்கள்." அவர் கண் கைமணிக்கூட்டில் இருந்தது. "ஒரே தரத்துல ஸ்ரார்ட் ஆகிச்சி மகன். ஒரு நிமிசத்துல எல்லாரையும் ஏத்திட்டன்."

"சரி வாப்பா."

"இப்ப பதினேழு நிமிசம்."

பின்னால் ஒரு பெண் கலிமா சொல்லிக்கொண்டிருந்தாள். கார் ஒரு அடி நகர்ந்தது.

"அண்டைக்கு நாலு நிமிசம்தான் இரிந்திச்சி" என்றார்.

வருடக்கணக்காகத் தன்னிடம் வைத்திருந்த கணக்கை றஸ்மி அந்த இடத்தில் மாற்றிச் சொன்னான். "அண்டைக்கு இவ்வளவு சனம் இல்ல வாப்பா. ஒழுங்கை வெறிச்சோடிக் கிடந்திருக்கும்."

மீராமுகைதீன் அவனைத் திரும்பிப் பார்த்தார். "இரிந்திச்சி மகன். உம்மாட கையப் புடிச்சிட்டு அந்தச் சனத்துக்குள்ளாலதானே நான் வந்த."

பிறகு அவர் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. பிரதான வீதிக்கு ஏற இருபத்தாறு நிமிடம் ஆனது. அதைப் பார்த்தவன் றஸ்மி.

கடல் வரவில்லை. பொழுதுபட்ட பிறகு எச்சரிக்கையை நீக்கினார்கள். சம்மாந்துறையில் ஒரு பள்ளிக்கூட முற்றத்தில் சனியை விட்டிருந்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து றம்லாவும் அம்பாறையிலிருந்து அபுல் ஹஸனும் அங்கே வந்து சேர்ந்தார்கள். யாரோ கொடுத்த தேத்தண்ணியை மீராமுகைதீன் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். ஸைனுலாப்தீன் வந்து, "மச்சான், ஒங்கட கார் இல்லாட்டி எங்கட நிலை என்ன?" என்று கையைப் பிடித்தார். "நடந்திருந்தா முந்தி வந்திருப்பீங்க" என்றார் மீராமுகைதீன்.

அந்த இரவு றஸ்மி சாய்ந்தமருது வீட்டிலேயே தங்கினான். காலையில் றம்லா வேலைக்கு வெளிக்கிட்டு முச்சக்கரவண்டிக்கு நின்றாள். மீராமுகைதீன் உள்ளேயிருந்து வந்து சாவியை அவள் கையில் வைத்தார்.

"கொண்டு போ மகள்."

றம்லா தமையனைப் பார்த்தாள். அவன் தலையை அசைத்தான். அவளுக்கு மனம் வரவில்லை.

"ஊட்டுல வாகனம் இல்லாமப் போயிருமே வாப்பா."

"இனி என்னத்துக்கு?" என்றார் அவர். "அவதான் பெய்த்தாவே."

உம்மா போய்விட்டார் என்று அவர் வாயால் சொல்லி பிள்ளைகள் இருவரும் கேட்டது அதுதான் முதல் தரம். றம்லா அழுகையை அடக்கிக்கொண்டு ஏறி இருந்தாள். இயந்திரம் ஒரு தரம் நின்றுபோய், மறு தரம் பிடித்தது. கார் ஒழுங்கை முனையில் திரும்பும்வரை மீராமுகைதீன் வாசலில் நின்றார். பிறகு உள்ளே போய்ப் பாயை விரித்து, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, நண்பகல் லுஹர் பாங்கு கேட்கும்வரை எழும்பாமல் கிடந்தார்.